எண்ணெய் இல்ல சிஸ்டர்

மருத்துவமனையின் சின்ன அறையில், ஜன்னல் வழியே வரும் காலை வெயில் அவன் மனைவியின் வலது கைமேல் விழுகிறது. மணிக்கட்டுவரை தோல் சோப்பு போட்டதுபோல் வழவழவென்று வெந்திருக்கிறது. "அடுப்புல எண்ணெய் தெறிச்சிடுச்சு சிஸ்டர்," என்று கூசாமல் சொல்கிறாள். கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கிவந்து வீட்டுக் கொட்டகையில் வண்டிக்கு டீசல் காய்ச்சுவது வெளியே தெரிந்தால் புருஷனுக்குத் தொல்லை என்று அவளுக்குப் பயம். அவள் பயம் தெரிந்தே அவன் கதவோரமே நின்றுவிடுகிறான். வெளியே, பதற்றத்தில் அணைக்க மறந்த வேன் எண்ணெய்ச்சட்டி வாடையோடு உறுமிக்கொண்டிருக்கிறது. நர்ஸ் களிம்பு டப்பாவைத் திறக்கிறாள். இனியும் சும்மா இருந்தால் இவள் கை என்னாவது? "எண்ணெய் இல்ல சிஸ்டர். காஸ்டிக் சோடா. டீசல் காய்ச்சறதுக்கு நான்தான் இவளைக் கலக்கச் சொன்னேன்." நர்ஸ் டப்பாவைப் போட்டுவிட்டு அந்தக் கையை இழுத்துக் குழாயடியில் பிடிக்கிறாள். தண்ணீர் கொட்டுகிறது. மனைவி பல்லைக் கடித்துக்கொள்கிறாள். "இதை வெறுங்கையோடவா தொடுவாங்க? வீட்டுல கிளவுஸ் இல்லையா?" என்று நர்ஸ் அதட்டுகிறாள். "இருந்துச்சு," என்கிறான். "ஒரு ஜோடிதான். அதை நான் போட்டிருந்தேன்."