பாப்பா வரலையா?

எந்தப் பாப்பா?

சைக்கிளின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த ரேணுகாம்பாள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

"இன்னா துரைக்கண்ணு, பாப்பா வரலையா?" கால்வாயில் சவுக்கு விறகு ஏற்றி நின்ற படகிலிருந்து ஒருவன் மறுபடியும் குரல் கொடுத்தான்.

"வரல வீரபாகு" என்று சொல்லிவிட்டு அவள் கணவன் வேகமாக மிதித்தான்.

"சைக்கிள் கத்துக்கறேன்னு வுழுந்து முட்டிய பேத்துக்கினாளாமே! ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு, ஆறிடுச்சு!"

ரேணுகாம்பாளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தில் அவள் கட்டிய தொட்டில்கள் மட்டும் நான்கு. வீட்டில் ஒரு தொட்டில்கூட ஆடவில்லை.

காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. மற்ற நெசவாளிகள் தலைமுழுகிவிட்டுத் தூங்குவார்கள். துரைக்கண்ணு மட்டும் விடியற்காலை ரயிலில் கார்டு பெட்டியில் சைக்கிளை ஏற்றிச் செங்கல்பட்டில் இறங்கிக்கொள்வான். அங்கிருந்து லாரியும் பஸ்ஸும் எட்டிப் பார்க்காத வண்டிப்பாதையாகப் பார்த்துக் கடற்கரை வரை மிதிப்பான். பழைய கோயில், இடிந்த கோட்டை, கல்லறை எழுத்து என்று அவனுக்கு ஒரு கிறுக்கு. அவளும் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாள் போன வாரம் வாயைத் திறக்கும்வரை.

"அமாவாசைக்கு அமாவாசை கடலப் பாக்கறதுக்கா ஒருத்தன் அம்மாந்தூரம் மிதிப்பான்? கடல் இன்னா, புடவையா கட்டிக்கினு நிக்குது?"

அன்றைக்கே ரேணுகாம்பாள் கணவனிடம் சொல்லிவிட்டாள், "இந்த அமாவாசைக்கு நானும் வரேங்க."

அவன் முகம் மாறியது. "அம்மாந்தூரம் உன்னால குந்திக்கினு வர முடியாது ரேணு."

"முடியும்."

இன்று திருக்கழுக்குன்றம் வரை அவன் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தான். மலையைக் காட்டினான், சங்கு பிறக்கும் குளத்தைக் காட்டினான். வயல்களுக்கு நடுவே அவர்களைத் தவிர ஒரு வண்டி கிடையாது. காற்றில் உப்பு வாசம் வரத் தொடங்கியபோது, வந்தது நல்லதுதான் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கால்வாய்க்கரை வந்த பிறகு அவன் வாய் அடைத்துப் போனது.

"யாருங்க அந்தப் பாப்பா?"

"எது?"

"படகுக்காரர் கேட்டாரே."

"அவன் வேற யாரையோ நெனச்சிக்கினு…"

"உங்க பேரச் சொல்லித்தானே கூப்புட்டாரு?"

அவன் சைக்கிள் மணியை அடித்தான். எதிரே ஓர் ஆடுகூட வரவில்லை.

அவன் முதுகைப் பார்த்தபடியே வந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் எண்ணெய் தேய்த்துவிட்ட முதுகுதான். இன்று அது யாரோ ஒருவனுடையது போல இருந்தது. கோபப்பட வேண்டுமா, அழ வேண்டுமா? இங்கேயே இறங்கி நடந்துவிட்டால் எந்தப் பக்கம் போவது? எதுவும் விளங்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் செங்கல் கோட்டை வாசலுக்கு எதிரே ஓர் ஆப்பக் கடை. சைக்கிள் நிற்பதற்குள் கடைக்காரம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாப்பா! இதான் ரேணுவா? வாம்மா, நான் தில்லையம்மாள். என்னப் பத்தி சொல்லியிருப்பானே?"

என் பெயர் இவளுக்கு எப்படித் தெரியும்?

"எங்க அபிராமி? அவளுக்கோசரம் வெல்லம் போட்டு ரெண்டு ஆப்பம் எடுத்து வெச்சிருக்கறேன்."

கல்யாணமான புதிதில், பெண் பிறந்தால் வைக்கலாம் என்று கணவன் காதோடு ரேணுகாம்பாள் சொன்ன பெயர் அது. வேறு யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெயரையுமா கொண்டுபோய் இன்னொருத்தியின் பிள்ளைக்கு வைத்துவிட்டான்?

"இன்னிக்கும் இட்டாரலயா?" தில்லையம்மாள் அலுத்துக்கொண்டாள். "ஏழு வருசமா வாயாலயே காட்டிக்கினு இருக்கறான்மா உன் வூட்டுக்காரன். பல்லு மொளச்சுதுன்றான், பள்ளிக்கூடம் சேத்தோம்ன்றான். ஒரு தபா கண்ணால பாக்கலாம்னா ஏமாத்திக்கினே இருக்கறான். நீ பெத்தவ, நீயாச்சும் இட்டாரக்கூடாதா? இரு, தண்ணி கொண்டாறேன்."

நான் பெற்றவளா? ரேணுகாம்பாள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொத தபா வந்தப்ப, எத்தினி புள்ளைங்கன்னு இந்தம்மா கேட்டுது. இல்லன்னு சொல்ல வாய் வரல. ஒண்ணுன்னுட்டேன்." என்றான் அவன் தாழ்ந்த குரலில். "அப்புறம் அது பாட்டுக்கு வளந்துக்கினே வந்துடுச்சு, ரேணு. வேற யாரும் இல்ல. என்னால முடியல. நீயே அந்த அம்மாகிட்ட சொல்லிடு, எங்களுக்குப் புள்ளயே இல்லன்னு."

தில்லையம்மாள் சொம்போடு வந்துவிட்டாள். "சொல்லும்மா, ஏன் இட்டாரல?"

ரேணுகாம்பாள் கணவனைப் பார்த்து, வேறு யாருக்கும் தெரியாதபடி, மாட்டேன் என்று மெல்லத் தலையை அசைத்தாள்.

"கெளம்பற நேரத்துல நல்லாத் தூங்கிக்கினு இருந்தா, அக்கா" என்றாள். "எழுப்ப மனசு வரல."