மூலையில் ஒரு வட்டம்

நாடாளுமன்ற உறுப்பினர் பேசப் பேச, டிவி திரையின் மூலையில் இருந்த சின்ன வட்டத்துக்குள் அவள் கைகள் ஓடிக்கொண்டிருந்தன.

காது கேளாத நேயர்களுக்கு அவர் பேச்சைச் சைகையில் சொல்கிற வேலை அவளுக்கு. அதில் ஒரு பொல்லாத விதி உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் இவளும் தன் நெஞ்சைத் தொட்டு ‘நான்’ என்றுதான் காட்ட வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று நழுவிவிட முடியாது.

சந்தேகப்பட்டவனை விசாரணை இல்லாமலே அடைத்துவைக்கலாம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்ததே நான்தான் என்றார் உறுப்பினர்.

அவள் நெஞ்சைத் தொட்டாள்.

அந்தச் சட்டத்தில்தான் அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லவில்லை, பாவிகள். அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. தம்பி பெயரைச் சொன்னதுமே வாசலோடு விரட்டினார்கள். கடைசியில், இந்த மனுஷன் காலிலேயே விழுந்துவிடலாம் என்று, யாரிடமும் மூச்சுவிடாமல் இன்றைய நிகழ்ச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நேரலை முடிந்ததும் பேச வேண்டும்.

உறுப்பினர் ஒன்றும் ராட்சசன் இல்லை. வந்ததும் வராததுமாக அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னவர் அவர்தான்.

சந்தையில் குண்டு வெடித்த அன்று நானும் பிணம் தூக்கினேன் என்றபோது அவர் குரல் உடைந்தது. வட்டத்துக்குள் இவள் கைகளும் தூக்கின. அவள் கண் கலங்கியது நடிப்பில்லை. செத்ததெல்லாம் கறிகாய் வாங்க வந்த ஜனங்கள்.

அப்புறம் அவர் மேஜையைத் தட்டினார்.

உள்ளே ஒருத்தன் இருக்கிறானாம். தோளில் பச்சைப் பையோடு சந்தைப் பக்கம் போனவனாம். நில், நில் என்று போலீஸ் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தியும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பிடித்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லையாம். தப்பு செய்யாதவனுக்கு இவ்வளவு அழுத்தம் இருக்குமா? அவன் பேசுகிற வரைக்கும் நான் விடமாட்டேன்!

பச்சைப் பை. அவள் வாங்கிக் கொடுத்ததுதான். ஐயோ, அவனேதான்.

அவள் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு, என்ன செய்வாள், நெஞ்சைத் தொட்டது. நான் விடமாட்டேன்.

விளக்குகளை அணைத்தார்கள். சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றியபடி உறுப்பினரே அவளிடம் வந்தார்.

“அடேயப்பா, என் வாயைவிட உன் கை நல்லாப் பேசுதேம்மா! யாருகிட்ட கத்துக்கிட்டே?”

கேட்க நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. பதில் மட்டும்தான் வந்தது.

“என் தம்பிகிட்ட, ஐயா. பொறந்ததிலேர்ந்து அவனுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. நீங்க இப்பச் சொன்னீங்களே, அந்தப் பச்சைப் பை… அது அவன்தான்யா. விட்டுடச் சொல்லுங்கய்யா.”

உறுப்பினர் முகம் இளகியது. அடப்பாவமே என்று முணுமுணுத்தார். மனதாரத்தான் சொன்னார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் பார்வை மெல்ல அவள் கைகளுக்கு இறங்கியது. ஓரடி பின்வாங்கினார். உதவியாளர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

“இந்தப் பொண்ணை யாருய்யா உள்ளே விட்டது?”