வெள்ளி தாங்கும் சூடு

கைப்பேசியின் ஒரு சின்னப் பாகத்துக்காகப் பீங்கான் பொடியும் வெள்ளியும் ஒன்றாகவே சூளைக்குப் போக வேண்டியிருந்தது.

"நான் இறுகுவதற்கு ஆயிரத்து முந்நூறு டிகிரி வேண்டும்" என்றது பீங்கான்.

"ஆயிரத்தைத் தொடும் முன்பே நான் உருகி ஓடிவிடுவேனே" என்று வெள்ளி கலங்கியது.

"அப்படியென்றால் நான் பொடியாகவே இருந்துவிடுகிறேன். நீ பத்திரமாக இரு."

பக்கத்துக் கிண்ணத்திலிருந்த கண்ணாடித் தூளுக்கு மனசு கேட்கவில்லை. "என்னைக் கொஞ்சம் கலந்துகொள். நான் சீக்கிரமே உருகி உன் துகள்களைச் சேர்த்துவைக்கிறேன். தொள்ளாயிரம் டிகிரியே போதும்" என்றது.

"நீ கரைந்துபோவாயே?" என்றது பீங்கான்.

"இங்கே தனியாக உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது."

சூளையைத் திறந்தபோது பீங்கான் கல்லாக இறுகியிருந்தது. வெள்ளி இருந்த இடத்திலேயே மின்னியது.

"கண்ணாடி எங்கே?" என்று கேட்டது வெள்ளி.

"என் துகள்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்றது பீங்கான். "விடச் சொன்னாலும் விடாது."