இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று

கிரேன்காரருக்கு நடுவிரல் விண்விண்ணென்று தெறித்தது. எட்டு மாதமாகியும் அந்த நகம் ஒழுங்காக வளரவில்லை. எப்படி அடிபட்டது என்று யாரும் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

ஷிஃப்ட் முடிந்து இறங்கியபோது கீழே வெல்டர் நின்றிருந்தார். முகம் சரியில்லை.

"மேஸ்திரி வந்திருக்காரு. கிரவுண்டுல உக்காந்திருக்காரு. உன்னைத்தான் கேட்டாரு."

கிரேன்காரர் திரும்பவும் ஏணியைப் பிடித்தார்.

லோடிங் பிரிவு மேஸ்திரிக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். கிரேன்காரர் அடித்த பந்துதான் ஆளைப் படுக்கவைத்தது என்பது சரக்கு யார்டு முழுக்கப் பேச்சு. வாலிபால் கோப்பைக்கான கடைசி செட். கிரேன் பிரிவு இருபத்துநாலு, லோடிங் பிரிவு இருபத்துமூன்று. எம்பி அடித்த அடி நேராக மேஸ்திரியின் நெஞ்சில் விழுந்தது. அவர் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார்.

ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றிய கலவரத்தில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. புள்ளியும் கோப்பையும் கிரேன் பிரிவுக்குப் போயின.

"ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்கலாம் நீ" என்றார் வெல்டர்.

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூணு தடவை போனேன். உள்ள போய் என்னன்னு சொல்றது?"

கிரவுண்ட் என்பது கிடங்குக்குப் பின்னால் சரளையை ஒதுக்கிய இடம். கழித்துப்போட்ட கிரேன் கம்பிவடத்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, அதில் வலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். வடத்தில் பிசிறு பிசிறாகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்.

மேஸ்திரி ஆயில் டிரம்மில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து தழும்பின் நுனி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் மாத்திரைப் பையோடு, வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாய்யா. எட்டு மாசமா கிரேன் மேலயே குடித்தனமா?"

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க."

"எதுக்கு?"

"அந்தப் பந்துக்கு."

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். மனைவிதான் பதில் சொன்னார்.

"மூணு இடத்துல அடைப்பாம். வருஷக்கணக்கா இருந்திருக்கு. பந்து பட்டுச்சுன்னு தூக்கிட்டுப் போனோம், பார்த்தா இது. அன்னிக்கு வராம இருந்திருந்தா தூக்கத்துலயே போயிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு."

"உன் பந்துக்கெல்லாம் என்னைச் சாய்க்கிற தெம்பு கிடையாதுப்பா" என்றார் மேஸ்திரி.

கிரேன்காரர் அப்படியே சரளையில் குந்திவிட்டார். எட்டு மாதமாகப் பாதியில் நின்றுகொண்டிருந்த மூச்சு இப்போதுதான் முழுசாக இறங்கியது.

"அப்ப என்மேல கோபமே இல்லையாண்ணே?"

"அப்படின்னு யாரு சொன்னா?"

மேஸ்திரி எழுந்து பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். விளையாடலாம் என்று எழுதி, கீழே டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"முதல்ல வீட்டுக்குள்ள நடை. அப்புறம் தெரு. அப்புறம் தினம் அஞ்சு கிலோமீட்டர். போன வாரம் மிஷின் மேல ஓடவிட்டுப் பார்த்தாங்க. இந்தச் சீட்டுக்காக உப்புகூட விட்டாச்சு."

"திரும்ப லோடு தூக்கவாண்ணே?"

"வேலைக்கு வேற சீட்டு. இது விளையாட்டுக்கு மட்டும்" என்றார் மனைவி. "வேலைச் சீட்டை முதல்ல வாங்குய்யான்னா கேட்டாத்தானே."

"வலது கையைக் காட்டு" என்றார் மேஸ்திரி.

கிரேன்காரர் நீட்டினார். கோணலாக வளர்ந்திருந்த நகத்தை மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிப் பிசிறைப் பார்த்தார். கிரேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடிக்கும்போது வலையைத் தொட்ட. நான் விழுறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன். வலையைத் தொட்டா பாயிண்ட் எங்களுக்கு. கோப்பையை எடுத்துட்டு வந்து நடுவுல வை. இருபத்துநாலுக்கு இருபத்துநாலு, ஆட்டம் இன்னும் முடியல."

ஷூவைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"நீ எங்களுக்கு ஒரு பாயிண்ட் தரணும்."