தாலிச்சரட்டில் ஒரு சாவி

எதிர்வீட்டு மரகதவல்லி, கணவனின் ஸ்கூட்டர் சாவியைத் தன் தாலிச்சரட்டில் ஊக்குப்போட்டு மாட்டிக்கொண்டபோது தெருவே சிரித்தது, நானும்தான். நேற்று சாயங்காலம், மூக்குமுட்டக் குடித்திருந்த அவள் கணவர் தணிகாசலம் வாசலில் நின்ற ஸ்கூட்டரில் ஏறி, ஹெல்மெட் மாட்டி, வாயாலேயே "டுர்ர்ர்" என்று கிளம்பினார். அந்த வழியே வந்த போலீஸ்காரர் கருவியில் ஊதச் சொன்னார். அது அலறியது.

"குடிச்சிட்டு ஓட்டப் பாத்தாலே கேஸுதான்யா. லைசென்ஸை எடு."

லைசென்ஸ் போனால் டிரைவர் வேலையும் போகும். தணிகாசலத்துக்குப் போதை இறங்கிவிட்டது. மரகதவல்லி சரட்டை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"சாவி இங்க இருக்கு சார். அவரு எதை ஓட்டப் பாத்தாரு?"

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை. தணிகாசலமே குளித்துவிட்டு வந்து மனைவியின் தாலிக்கும் சாவிக்கும் குங்குமம் வைத்தார். என் ஜன்னலிலிருந்து பார்த்தவரையில், சாவிக்குத்தான் பெரிய பொட்டு.