கருப்பன் நின்ற இடம்

சோலைமுத்துவின் குலசாமியை ஒரு போன் கேமில் பேயாக்கி வைத்திருந்தார்கள்.

அதே முறுக்கு மீசை. அதே அரிவாள். அதே வெள்ளைக் குதிரை. ஊர் எல்லையில் நிற்கிறது. தலைக்கு மேலே இங்கிலீஷில் 'டெமன்' என்று பெயர் வேறு.

"டெமன்னா?" என்றார் சோலைமுத்து.

"பேய்ண்ணே," என்றான் மேல் கட்டில் அருள்முருகன். "நாமதான் ஹீரோ. வாளை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போகணும். இந்தப் பேயை வெட்டினாத்தான் அடுத்த ஊரு."

"கருப்பனையா வெட்டணும்?"

"கருப்பனைத்தான்."

துபாயில் அல் கூஸ் லேபர் கேம்பில் அந்த அறைக்கு ஆறு கட்டில். சுவரில் வேறு இடமில்லை. கதவோரம், எல்லாரும் ஷூவைக் கழற்றிப் போடும் மூலைக்கு மேலேதான் கருப்பன் படத்தை ஒட்டியிருந்தார் சோலைமுத்து. டியூட்டி முடிந்து வந்தால் ஷூவை அங்கே உதறிவிட்டு, படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவார். காலையில் பார்த்தால் ஷூ வராந்தாவில் கிடக்கும். எவனோ தினம் வெளியே தள்ளிவிடுகிறான். அந்தக் கடுப்பு ஏற்கெனவே இருந்தது.

"எவன்டா வெட்டினது?"

அருள்முருகன் எதிர்க் கட்டிலைக் கண்ணால் காட்டினான். "ரூம்ல நாலு பேர் ஆடுறோம். தாண்டினது பெபின் ஒருத்தன்தான்."

"நீ?"

"அந்த இடத்துல நான் சும்மா வேடிக்கை பாத்தேண்ணே. நம்ம சாமியாச்சே."

பெபின் கன்னியாகுமரிக் கடற்கரை ஆள். ஏசி மெக்கானிக். கழுத்தில் சிலுவை. சோலைமுத்து அவன் கட்டில் முன்னால் போய் நின்றார்.

"எங்க சாமியை வெட்டினியாடா?"

"வெட்டினேன்னு முடிவு பண்ணியாச்சுல்லா? பின்ன எதுக்குக் கேள்வி?"

"மன்னிப்புக் கேளு."

"கேக்க மாட்டேன்."

"அப்போ நான் நடத்துற மெஸ்ல உனக்குச் சோறு இல்லை. ரூமும் இல்லை."

"செரி," என்றான் பெபின். போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தான்.

மூன்று நாள் கடை குப்பூஸ் ரொட்டியும் தயிருமாகத் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. கேம்ப் பாஸ் கலீலுர் ரஹ்மான் காகிதத்தோடு வந்தார். சோலைமுத்து கொடுத்த புகாரின் பேரில் பெபினை ஜெபல் அலி கேம்புக்கு மாற்றும் காகிதம். அங்கே ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர். வேலைக்கு வர பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த கேமைக் காட்டுங்க," என்றார். "கண்ணால பாக்காம நான் ஒருத்தனைக் கிளப்ப மாட்டேன்."

"காட்டச் சொல்லுங்க பாய். வெட்டுறதை நீங்களும் பாருங்க," என்றார் சோலைமுத்து.

பெபின் எழுந்து உட்கார்ந்தான். "என் போன்ல அந்த ஊரைத் தாண்டியாச்சு. திரும்ப வராது. அருள்முருகன் போனைத் தரச் சொல்லுங்க."

"என் போன்ல சார்ஜ் இல்லை," என்றான் அருள்முருகன்.

கலீலுர் ரஹ்மான் எட்டி எடுத்தார். எண்பது சதவீதம் இருந்தது.

கேமைத் திறந்ததும் கருப்பன் நின்றார். கீழே ஒரு வரி. கலீலுர் ரஹ்மான் நிதானமாக வாசித்தார். "தாக்கியது, அறுபத்து மூணு தடவை. தோற்றது, அறுபத்து மூணு தடவை."

சோலைமுத்து தலையைத் தூக்கி மேல் கட்டிலைப் பார்த்தார். "இதுதான் வேடிக்கை பாத்ததா?"

"கேம்தானேண்ணே..." அருள்முருகனுக்குக் குரல் இறங்கிவிட்டது. "இருக்கிறதிலேயே கனமான இரும்பு பூட்ஸ் வாங்கி மாட்டினேன். அப்பவும் குதிரை ஏறி மிதிக்குது."

"சைட்ல சேஃப்டி ஷூ போடச் சொன்னா ஃபோர்மேன்கிட்ட மல்லுக்கு நிக்கிற. இங்க மட்டும் இரும்பு கேக்குதோ?" என்றார் கலீலுர் ரஹ்மான்.

பெபின் போனை வாங்கினான். ஹீரோவின் வாளை உறையில் போட்டான். பிறகு பூட்ஸைக் கழற்றினான். திரையின் ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் இருபது ஜோடிச் செருப்பு கிடந்தது. அத்தனை பேர் ஆடியும் ஒருவன் கண்ணிலும் படவில்லை. பூட்ஸை அதோடு வைத்தான்.

வெறுங்காலோடு ஹீரோ நடந்தான்.

அரிவாள் தாழ்ந்தது. குதிரை ஒதுங்கி வழி விட்டது. தலைக்கு மேலிருந்த பெயர் அழிந்து வேறு பெயர் வந்தது. கலீலுர் ரஹ்மான் வாசித்துவிட்டுச் சொன்னார். "காவல் தெய்வம்னு போட்டிருக்கு."

சோலைமுத்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"எங்க ஊர்ல மாடன் கோயிலைத் தாண்டித்தான் கடலுக்குப் போணும். எங்கப்பா ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையும் முடக்காத ஆளு. ஆனா அந்த இடம் வந்தா செருப்பைக் கையில எடுத்துக்கிடுவாரு."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"எதுக்குச் சொல்லணும்? கழுத்துல கிடக்குறதைப் பாத்துத் தீர்ப்பு சொன்னீங்க. பாய் கண்ணால பாக்கணும்னு கேட்டாரு, காட்டினேன். நீங்க கேட்டா இப்பவும் சொல்ல மாட்டேன்."

"கலாஸ், முடிஞ்சுது," என்று காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார் கலீலுர் ரஹ்மான்.

அவரை வழியனுப்ப எழுந்த சோலைமுத்து பழக்கத்தில் மூலையில் ஷூவைத் தேடினார். இல்லை. வராந்தாவை எட்டிப் பார்த்தார். எவனும் தள்ளிவிட்ட மாதிரி இல்லை. ஆறு ஜோடியும் வரிசையாக, தூசி தட்டி, சுவரோரம் அடுக்கியிருந்தது.

திரும்பி மூலையைப் பார்த்தார். கருப்பன் படத்துக்குக் கீழே தரை துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. இத்தனை நாளாக அங்கே ஷூவை உதறிவிட்டுத்தான் கும்பிட்டிருக்கிறார்.

"ரெண்டு வருஷமா இதை எடுத்து வெளிய வைக்கிறது யாருடா?"

மேல் கட்டிலில் இருப்பவனுக்குத்தான் எல்லாம் தெரியும். அருள்முருகன் சுவரைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"பெபின்."