சன்னலுக்குக் கீழே

என் மனைவி செண்பகவல்லியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும் என்றான் அவள் தம்பி சுடலைமுத்து. "சொவத்துல ஒரு பொந்து விடாம பூசிரச் சொல்லுதேன் அத்தான். வாற சனம் என்ன நெனைக்கும்?" தலையாட்டினேன். அந்த நாட்களில் யார் எது கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மாலையில் தோட்டத்துக்குப் போனபோது இட்லிப்பூச் செடியில் வண்ணத்துப்பூச்சிகள் வழக்கம்போல உட்கார்ந்து எழுந்தன. சமையலறைச் சன்னலுக்குக் கீழே, ஈரம் காயாத சிமெண்ட் பூச்சுக்கு முன்னால், நூறு இருநூறு கொசுத்தேனீக்கள் அந்தரத்தில் நின்றன. கால்களில் மகரந்தம் அப்பியிருந்தது. அவற்றின் கூடு அந்தச் சுவருக்குள்தான். ஏழு வருடமாக அரிசி களைந்தபடியே செண்பகவல்லி அதன் வாசலைக் குனிந்து பார்த்திருந்தாள். "எல்லாம் வந்து அடையட்டும், பொறவு சன்னலைச் சாத்துங்க" என்பாள். கொத்தனார் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். "கொட்டாத பூச்சிதான் அண்ணாச்சி. ரெண்டு நாள் சுத்திட்டுப் போயிரும்."

"உள்ள இருக்கது?"

அவர் பூச்சுக் கரண்டியைக் கழுவ எடுத்தார். கரண்டியை வாங்கிக்கொண்டு சுவரருகே போனேன். தேனீக்கள் கலைந்து சுவர் முழுக்கப் பரவின. "வாசல் எந்த இடத்துல இருந்துச்சு?"

"பன்னெண்டு பொந்து அடைச்சேன். இதுல எதைக் கண்டேன்?"

நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. தோண்டிய முதல் இடத்தில் செங்கல்தான் இருந்தது, இரண்டாவதிலும். "அத்தான், நாளைக்கு ஆள் வருது, என்ன செய்தீய?" என்று சுடலைமுத்து பின்வாசலிலிருந்து ஓடிவந்தான். மூன்றாவது இடத்தில் கரண்டியை வைத்தபோது சிமெண்ட் இறுகத் தொடங்கியிருந்தது.